வடிவம்மாள் பூட்டிய வீடு

வடிவம்மாளிடம் யாரும் சும்மா பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். குற்றாலத்தில் சீசனுக்கு வீடு விடுகிறவர்கள் எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கையைப் பிடித்து இழுக்கிற காலத்தில், அவள் மட்டும் தேடி வந்தவர்களை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பாள். எத்தனை பேர்? குடிப்பீர்களா? எண்ணெய் தேய்த்த உடம்போடு சுவரில் சாய்வீர்களா? மூன்றாவது கேள்விக்குச் சிரித்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சாரல் கொட்டிக்கொண்டிருக்கும், ஊரில் வேறெங்கும் இடம் இருக்காது. "போய் அருவிக்கரையில படுங்க" என்பாள்.

அந்தச் சுவர் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் அவளை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அவள் இலஞ்சிக்காரி. வயலும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். 1966-ல் போலீஸ்காரர் சுந்தரபாண்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஐந்தருவி ரோட்டில் மாமனார் கட்டிய சீசன் வீடு ஒன்று இருந்தது. அவர் இறந்ததும் அது மகன் பேருக்கு வந்தது. எட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. 1974-ல் சுந்தரபாண்டி கோவில்பட்டிக்கு மாற்றலாகிப் போனார். போன நாலாம் மாதம் அங்கே இன்னொருத்திக்குத் தாலி கட்டிவிட்டார் என்று தகவல் வந்தது.

ஆள் திரட்டிக்கொண்டு போகலாம் என்று அண்ணன்மார் குதித்தார்கள். வடிவம்மாள் வேண்டாம் என்றாள்.

"போனவன் போட்டும். திரும்பி இந்த வாசலுக்கு வருவான்லா, அன்னைக்கு நான் அருவாள எடுக்கேன்."

1977 ஐப்பசி மழையில் வீட்டின் பின்சுவர் விழுந்தது. சுவரோடு கூரையில் பாதியும் இறங்கிவிட்டது. முழங்காலளவு மண்ணுக்குள் நின்றுகொண்டு அவள் புருஷனுக்கு ஒரு கார்டு எழுதினாள். அதுதான் அவள் அவருக்கு எழுதிய ஒரே கடிதம். பதில் கார்டு வந்தது. 'எனக்கு இங்கே மனைவி, ஆண் குழந்தை என்று ஆகிவிட்டது. அந்த வீட்டுக்கு நான் ஒரு காசு தர முடியாது. விழுந்தால் விழட்டும். ஓட்டையும் மரத்தையும் விற்றுச் சாப்பிட்டுக்கொள்.' கீழே கையெழுத்து. பழக்கதோஷத்தில் தன் கான்ஸ்டபிள் நம்பரையும் போட்டிருந்தார்.

அவள் ஓட்டை விற்கவில்லை. தாலிச் சங்கிலியை விற்றாள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, மேலகரத்துக் கொத்தனார் மாடக்கண்ணுவைக் கூட்டி வந்தாள்.

மாடக்கண்ணு வேலையில் கெட்டிக்காரர். வாய் மட்டும் சுண்ணாம்புக் காளவாய். ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் நின்று வேலை சொல்லுவதை அவரால் தாங்க முடியவில்லை. அவள் தென்காசி இரும்புக்கடையில் சொந்தமாக ஒரு தூக்குக்குண்டு வாங்கி வந்து, அவர் வைத்த சுவருக்கு நேர் பார்த்தாள். அரை விரற்கடை சாய்ந்திருந்தது. பிரிக்கச் சொன்னாள். அவர் பிரித்தார், பிரிக்கும்போது அவளுடைய தாய், தகப்பன், பிறந்த ஊர் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே பிரித்தார். அவளும் விடவில்லை. அவருடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் போனாள். வீட்டு வேலை மூன்று வருஷம் நடந்தது. கையில் பணம் சேர்ந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. அந்த மூன்று வருஷத்தில் இருவரும் சண்டை போடாத நாள் ஒன்றுகூட இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவார்கள்.

ஹாலுக்குச் சிவப்புத் தரை போடுகிற சமயத்தில் மாடக்கண்ணு கரண்டியை வீசி எறிந்துவிட்டுப் போய்விட்டார். "நீயே இழுத்துக்க. எல்லாம் தெரிஞ்சவல்லா!" என்றார். அவள் இழுத்தாள். மூன்று வருஷம் பார்த்ததை வைத்துக்கொண்டு, சிமெண்டில் காவிப்பொடியைக் கலந்து, முழங்கால் போட்டு, ஓரத்திலிருந்து பின்னால் நகர்ந்து நகர்ந்து மூன்று நாளில் முடித்தாள். ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்தாள். இரண்டு மாதம் கழித்து மாடக்கண்ணு வந்தார். குனிந்து விரல் முட்டியால் பல இடங்களில் தட்டிப் பார்த்தார். எங்கேயும் அடியில் பொந்து விழுந்த பொள்ளல் சத்தம் இல்லை. எழுந்து போனார். அதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

1987 ஆனி மாதம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. டெலிவிஷனுக்குப் படம் எடுக்கிற கம்பெனி. மானேஜர் பெயர் ராமசேஷன். அவருக்குச் செங்கோட்டையில் தாய்மாமன் வீடு இருந்ததால் இந்தப் பக்கத்து நெளிவுசுளிவு தெரியும் என்று அனுப்பியிருந்தார்கள். வீடு முழுவதையும் இருபது நாளைக்குக் கேட்டார்.

"என்ன கதை?" என்றாள் வடிவம்மாள்.

"காதல் கதைதான்மா. லீவுக்குக் குற்றாலம் வர்ற ஒரு இன்ஜினியர். அவருக்குத் தாத்தா விட்டுட்டுப் போன இடிஞ்ச வீடு ஒண்ணு இங்க இருக்கு. அதே சீசனுக்கு ஒரு பொண்ணும் வர்றா. ரெண்டு பேருமா சேர்ந்து அந்த வீட்டைப் புதுப்பிக்கிறாங்க. வீடு எழும்ப எழும்பக் காதலும் எழும்புது."

"எத்தனை நாள்ல வீட்டக் கெட்டி முடிக்காங்க?"

"பதினஞ்சு நாள்ல."

"சண்டையே போடலையா?"

"ஒரு சின்ன சண்டை வருது. ஒரு பாட்டுல சரியாயிடும்."

வடிவம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது" என்றாள். குற்றாலநாதர் மேல் ஆணையாக அடிக்க மாட்டோம் என்றார் ராமசேஷன். அவள் பின்கட்டு அறையைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை விட்டாள்.

மூன்றாம் நாள் புளியங்குடியிலிருந்து தந்தி வந்தது. அவளுடைய அக்காள் புருஷன் எலுமிச்சை மண்டியில் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். வடிவம்மாள் கிளம்பிப் போனாள். அழுகிற வீட்டில் ஐந்து நாள் இருந்தாள்.

திரும்பி வந்து, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, வீட்டு முன்னால் நின்றபோது வேறு தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் குழம்பினாள். முன்சுவர் முழுக்கக் கரி. டயரைக் கொளுத்திப் புகை பிடிக்க வைத்திருந்தார்கள். கதவில் ஒரு பலகை பெயர்ந்து தொங்கியது. உள்ளே போனாள். ஹால் சுவரில் பூச்சை ஆளுயரத்துக்குக் கொத்தி எடுத்திருந்தார்கள். செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கூரையில் முப்பது நாற்பது ஓட்டைப் பிரித்திருந்தார்கள். மேலேயிருந்து வெளிச்சம் விழ வேண்டுமாம். வெளிச்சம் விழுந்தது, வெளிச்சத்தோடு சாரலும் விழுந்தது. அது விழுந்த இடத்தில், தரையின் நட்டநடுவில், கடப்பாரை போட்டுப் பிளந்த ஒரு குழி. குழியில் ஒரு செடியை நட்டு வைத்திருந்தார்கள்.

வடிவம்மாள் அந்தச் செடியைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

ஹாலில் ராமசேஷன் மட்டும் இருந்தார். மற்றவர்கள் பாட்டு எடுக்க ஐந்தருவிக்குப் போயிருந்தார்கள். "பயப்படாதீங்கம்மா, கடைசியில எல்லாத்தையும் சரி பண்ணிருவோம். அதுதானே கதையே" என்றார்.

"எங்க சரி பண்ணுவீரு?"

அவர் ஒரு பக்கச் சுவரைக் காட்டினார். கேமராவுக்கு எதிரே வருகிற சுவர் அது ஒன்றுதான். அதற்கு மட்டும் டிஸ்டெம்பர் வாங்கி வைத்திருந்தார்கள்.

"வேலைய எவன் செஞ்சான்?"

"உள்ளூர் ஆள்தாம்மா. இந்த வீடு கட்டினவரே."

வெளியே மாமரத்தடியில் மாடக்கண்ணு பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"கொத்தனாரே, உமக்குக் கை வந்துதா?"

"நான் கெட்டுனது, நான் இடிச்சேன். எவன் கேக்கது?"

"சுவரு நீரு கெட்டுனது. தரை?"

மாடக்கண்ணு புகையை விட்டார். அவர் முகத்தில் தெரிந்த சிறு திருப்தியைப் பார்த்தபோதுதான் வடிவம்மாளுக்கு விஷயம் விளங்கியது. டைரக்டர் எங்கே வேண்டுமானாலும் ஒரு குழி தோண்டச் சொல்லியிருப்பார். இடத்தைத் தேர்ந்தெடுத்தது இவர்.

அவள் உள்ளே போய் ராமசேஷனை வெளியே வரச் சொன்னாள். அவர் வந்ததும் கதவைச் சாத்தினாள். ஆடுகிற பலகையை இடித்துத் தள்ளிப் பொருத்தினாள். பின்கட்டிலிருந்து கையோடு எடுத்து வந்திருந்த திண்டுக்கல் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளே லைட்டுகள், உடுப்புப் பெட்டிகள், அன்றுவரை எடுத்த கேசட்டுகள் அடங்கிய இரும்புப் பெட்டி.

அருவியிலிருந்து நனைந்துகொண்டு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். டைரக்டர் முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு இங்கிலீஷில் கத்தினார். கதாநாயகி தலையைத் துவட்டத் துண்டு கேட்டாள். "உள்ள இருக்கு" என்றாள் வடிவம்மாள். ராமசேஷன் கூடுதல் வாடகை தருவதாகச் சொன்னார்.

"துட்டு யாருக்கு வேணும்? நான் போகும்போது இருந்த வீடு எனக்கு வேணும். நாலு சுவரும், கூரையும், தரையும். அது வந்த பொறவு ஒங்க பெட்டி ஒங்களுக்கு."

"ஷெட்யூல் போயிடும்மா!"

"போட்டும்."

ராமசேஷன் அன்று சாயங்காலமே பஞ்சாயத்து ஆபீசில் விசாரித்தார். வீட்டுத்தீர்வை யார் பேரில் என்று பார்த்தார். மறுநாள் உச்சிவேளையில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் தெருவே வெளியில் வந்துவிட்டது. சுந்தரபாண்டி. இப்போது ஏட்டு. தொந்தி விழுந்து, மீசைக்கு மை போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருந்தார்.

"ஏட்டி வடிவு, சாவியக் குடு" என்றார். பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"யாரு வே நீரு?"

அவரை அவள் யாரோ வழிப்போக்கனைக் கூப்பிடுவதுபோல 'வே' என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் ஒருத்தர் சிரித்துவிட்டார்.

சுந்தரபாண்டிக்கு முகம் சிவந்தது. "வீடு என் பேர்ல இருக்கு. தீர்வை ரசீது என் பேர்ல வருது. பூட்ட உடைச்சுக்கிடலாம்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன். மரியாதையா எந்திரி."

அப்போது மாடக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எந்த வீடு ஏட்டய்யா? ஒங்க அப்பா கெட்டுன வீடு எழுவத்தேழுலயே விழுந்து மண்ணாப் போச்சு. பின்சுவரு நான் வச்சது. மேக்கூரை நான் ஏத்துனது. ஒங்களுக்குன்னு இங்கன இருக்கது அடிமண்ணு மட்டுந்தான். வேணும்னா கூடை கொண்டாரேன், அள்ளிட்டுப் போங்க."

"நீரு வாய மூடும்" என்றாள் வடிவம்மாள், அவர் பக்கம் திரும்பாமலே. "இடிச்ச கைதான அது? எனக்காவ எவனும் பேச வேண்டாம்."

"ஒனக்காவ எவன் பேசுனான்? என் வேலைய எவனோ தன் பேருன்னு சொல்லுதான். அதுக்குப் பேசுதேன்."

சுந்தரபாண்டி குனிந்து அவள் இடுப்பிலிருந்த சாவிக்குக் கையை நீட்டினார். அவள் எழுந்து நின்றாள். அவர் வந்தால் அரிவாளை எடுப்பேன் என்று சொன்னது அவளுக்கு நினைவில்தான் இருந்தது. அரிவாளும் பின்கட்டில்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் பார்க்கும்போது, வழிந்த மீசை மையும் மூச்சு வாங்குகிற தொந்தியுமாக நின்ற இந்த ஆளுக்கு, இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த கோபம் ரொம்ப அதிகம் என்று பட்டது. பின்னாளில் அக்காளிடம் அப்படித்தான் சொன்னாளாம்.

"எழுவத்தேழுல நீரு எனக்கு ஒரு கார்டு போட்டீரு. நெனவிருக்கா?" என்றாள்.

அவர் கை நின்றது.

"'எனக்கு இங்கே மனைவி, ஆண் குழந்தை என்று ஆகிவிட்டது.' ஒம்ம கையெழுத்து. கீழ ஒம்ம நம்பரு. கோவில்பட்டி முத்திரை. அந்தக் கார்டு இலஞ்சில எங்க அண்ணன் பெட்டியில இருக்கு. எனக்கும் தாலி அறுபடல, தீர்த்தும் விடல. ரெண்டு பொண்டாட்டி கட்டுன போலீஸ்காரன வேலையில வச்சிருப்பாங்களான்னு எஸ்.பி.க்கு ஒரு காயிதம் போட்டுக் கேக்கட்டா?"

ராமசேஷன் மெல்ல வேன் பக்கம் நகர்ந்தார்.

"ஏன்டி, இத்தனை வருஷமா சும்மா இருந்துட்டு..." என்று இழுத்தார் சுந்தரபாண்டி.

"ஒம்ம வேலை போனா அந்தப் பிள்ளைங்க தெருவுல நிக்கும்னு சும்மா இருந்தேன். ஒமக்காவ இல்ல. திங்கக்கெழம தென்காசி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வாரும். வீட்ட என் பேருக்கு எழுதும். போதும். வரலைன்னா செவ்வாக்கெழம காயிதம் போவும்."

அவள் திரும்பவும் படியில் உட்கார்ந்துகொண்டாள். சுந்தரபாண்டி, வந்த வேனில் ஏறாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

டைரக்டருக்கு வேறு வழி இல்லை. அன்று மாலையே ஒத்துக்கொண்டார். வடிவம்மாள் கதவைத் திறந்துவிட்டு, கேசட் பெட்டியை மட்டும் தன் அறைக்குள் இழுத்துப் போட்டு அதைப் பூட்டிக்கொண்டாள். ஓடு வந்தது, சிமெண்டு வந்தது, இரண்டு சிற்றாட்கள் வந்தார்கள். கொத்தனார் யார் என்ற கேள்வியே எழவில்லை. மாடக்கண்ணு கரண்டியோடு வந்து நின்றார். அவள் போகச் சொல்லவில்லை. அவர் பூசிய சுவரை இரண்டு தடவை சுரண்டச் சொன்னாள். முதல் தடவை குற்றம் இருந்தது. இரண்டாம் தடவை இல்லை. ஆனாலும் சுரண்டச் சொன்னாள். அவர் அவளை முறைத்துப் பார்த்துவிட்டுச் சுரண்டினார்.

தரைக்கு அவரை விடவில்லை. பிளந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போட்டால் வடு தெரியும் என்று ஹால் தரை முழுவதையும் கொத்தி எடுக்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் தானே முழங்கால் போட்டாள். முதல் தடவை அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இப்போது நாற்பது. மூன்று நாளும் இடுப்பு விண்விண் என்று தெறித்தது. கதாநாயகன் வந்து ஆசையாக, "நானும் கத்துக்கலாமா?" என்று கேட்டான். அவன் தலையில் ஒரு மணல் கூடையை ஏற்றிவிட்டாள். இரண்டாவது கூடைக்கு அவன் வரவில்லை.

படத்தில் கடைசிக் காட்சி, முடிந்த வீட்டுக்குள் காதலனும் காதலியும் கைகோத்து நுழைவது. தரையில் தண்ணீர் கட்டியிருந்தது. ஒரு வாரத்துக்கு ஈ, காக்காய்கூட இறங்கக் கூடாது என்றாள் வடிவம்மாள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் இருவரையும் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது யாரும் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சுந்தரபாண்டி வந்தார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆபீஸ் வாசலில் நின்று, "அந்தக் கார்டத் தந்திரு" என்றார்.

"தர மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு. பிற்பாடு அவள் மஞ்சள் கயிற்றைக் கழற்றி, தாலியைத் தென்காசி நகைக்கடையில் போட்டுவிட்டு அந்தப் பணத்தில் முன்வாசலுக்கு ஒரு புதுக் கதவு செய்தாள்.

மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் டெலிவிஷனில் வந்தது. பக்கத்து வீட்டு அப்துல் ஜப்பார் மாடியில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனாக் கம்பம் நட்டு டெலிவிஷன் வைத்திருந்தார். தெருவே அவர் வீட்டில் கூடியது. வடிவம்மாள் வர மாட்டேன் என்றாள். பிறகு வந்து கதவோரம் நின்றாள். மாடக்கண்ணுவும் வந்திருந்தார்.

படத்தில் கரி பிடித்த வீடு வந்தது. காதலர்கள் சிரித்துக்கொண்டே சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பாட்டு நடுவில், ஈரமான சிவப்புத் தரையில் கரண்டி பிடித்து இழுக்கிற இரண்டு கைகள் மட்டும் வந்தன. வளையல் இல்லாத, சிமெண்டு தின்று வெடித்த கைகள். நகம் ஒன்று கறுத்துப்போயிருந்தது. அடுத்த நொடி கதாநாயகியின் முகம். அவள் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கூடத்தில் எல்லோரும் திரும்பி வடிவம்மாளைப் பார்த்தார்கள். அவள் வேலை செய்துகொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"என் கைய வெட்டிக் கொண்டு போயி அவ தோள்ல ஒட்ட வச்சிருக்கான், களவாணிப்பய" என்றாள். கோபத்தில் சொன்னாளா, வேறெதிலா என்று யாருக்கும் தெரியவில்லை.

மாடக்கண்ணு டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கரண்டி பிடிச்சிருக்கது சரியாத்தான் இருக்கு."

"ஒம்மகிட்ட எவ கேட்டா?" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். காதலர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற கடைசிக் காட்சியை அவள் பார்க்கவில்லை. அது ரொம்ப அழகாக இருந்ததாகப் பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த சீசனில், 'அந்த லவ் படம் எடுத்த வீடு எது?' என்று விசாரித்துக்கொண்டு மதுரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்தார்கள். வடிவம்மாள் புதுக் கதவைப் பாதி திறந்து, எத்தனை பேர் என்று ஆரம்பித்தாள். ஒரு பெண் புருஷன் தோளில் சாய்ந்துகொண்டு, "இந்த வீட்ல தங்கினா ராசின்னு சொன்னாங்கம்மா" என்றாள்.

"ராசி எல்லாம் இங்க கெடையாது. ஓடு ஒழுகாது, தரை வெடிக்காது. தலைக்கு எண்ணெய் வச்சிருக்கியா?"

அந்தப் பெண் புரியாமல் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அருவில குளிச்சிட்டு, தலைய நல்லாத் துவட்டிட்டு வா. அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி வடிவம்மாள் கதவைச் சாத்தினாள்.